குச்சி (Gucci) ப்ளூமா, டிப்டிக் (Diptyque) தோ சோனா? எதை வாங்கட்டும்?

சம்பங்கிப்பிரியை:
மூன்று மாதமாகக் காசு சேர்த்திருக்கிறேன், ஒரு நல்ல சென்ட் வாங்க. மல்லி, சம்பங்கி வாசம்தான் வேண்டும், வெனிலா இனிப்பெல்லாம் எனக்கு ஆகாது. சாம்பிள் வாங்கி மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் இந்த இரண்டும் மிஞ்சின. ப்ளூம் போட்டால் பூக்கடை வாசலில் நிற்பது போல நிறைவாக இருக்கிறது, ஆனால் மதியத்துக்குள் பவுடர் பூசியது மாதிரி ஆகிவிடுகிறது. தோ சோன் மெலிதாக, தண்ணீர் தெளித்த சம்பங்கிச் சரம் போல இருக்கிறது. தினமும் சென்னையில் மின்சார ரயில், அப்புறம் ஏசி அலுவலகம். பக்கத்தில் இருப்பவருக்குத் தலை வலிக்கக் கூடாது. சொல்லுங்களேன்.

கொடிமுல்லை:
தோ சோன். ப்ளூம் 2017-இல் ஆல்பெர்டோ மொரியாஸ் என்ற சென்ட் கலைஞர் செய்தது. மல்லி, சம்பங்கியோடு ரங்கூன் மல்லியும் உண்டு, சுவரில் படர்ந்து வெள்ளையாகப் பூத்துச் சிவப்பாக மாறுமே, அதே கொடி. அந்தப் பவுடர் வாசம் அதிலிருந்து வருவதுதான், உங்கள் தோலில் குறை இல்லை. தோ சோன் 2005-இல் வந்தது. டிப்டிக்கைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஈவ் குவெலான் வியட்நாமில் வளர்ந்தவர், தோ சோன் அங்குள்ள கடற்கரை ஊர். கடல்காற்றில் வரும் சம்பங்கி வாசத்தைத்தான் அதில் பிடிக்கப் பார்த்திருக்கிறார்கள், நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது நன்றாக ஒத்துப்போகிறது.

மாலைநேரம்:
நான் ப்ளூம் கட்சி. இரவு தலையில் வைத்த மல்லி காலையில் வாடும்போது ஒரு கனத்த வாசம் வருமே, அதில் இந்தோல் என்ற பொருளுக்குப் பங்கு உண்டு. பூ வைத்துப் பழகிய நமக்கு அதுதான் பூ என்றே தோன்றும். அந்தக் கனம் தோ சோனில் எனக்குக் கிடைக்கவில்லை, ப்ளூமில் ஓரளவு கிடைத்தது. சம்பங்கி பறித்த பிறகும் மணம் விட்டுக்கொண்டே இருக்கும், அதனால்தான் அந்தக் காலத்தில் பூவைக் கொழுப்பின் மேல் பரப்பி நாள்கணக்கில் வாசம் இறக்கினார்கள். அப்படிப்பட்ட பூவை மெலிதாக்கி என்ன பயன்? ரயிலுக்கு ஒரே ஒரு ஸ்ப்ரே, அதுவும் உடைக்கு உள்ளே அடித்தால் போதும்.

நிலாமுற்றம்:
தோழி, நீங்கள் போட்டுப் பார்த்த தோ சோன் ஓ த துவாலெட்டா, ஓ த பர்ஃபமா? இரண்டும் உண்டு, பின்னது இன்னும் அடர்த்தி. சாம்பிளை ஏசியில் மட்டும் போட்டு முடிவெடுக்காதீர்கள். வெயிலில் பூ வாசம் இரண்டு மடங்காகத் தெரியும். வேறொரு சென்டை இரண்டு ஸ்ப்ரே அடித்துக்கொண்டு மே மாதம் பேருந்தில் போய் நான் பட்ட பாடு போதும்.

சம்பங்கிப்பிரியை:
இப்போதுதான் பார்த்தேன், என்னுடையது ஓ த துவாலெட். சரி, பர்ஃபம் சாம்பிள் ஒன்று வாங்கி, ஒரு நாள் முழுக்க வெளியில் சுற்றிப் பார்க்கிறேன். அதிலும் மாலைநேரம் சொல்கிற கனம் வரவில்லை என்றால் ப்ளூம்தான்.