தொழிற்சங்கத்துக்குள் எச்.ஐ.வி. விவகாரம் வந்த அனுபவம் உண்டா? எழுதுங்கள்

பழைய செயலாளர்:
எத்தனையோ பேச்சுவார்த்தைகளில் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் உறுத்துவது ஒரு மனுதான். எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு பாசிட்டிவ் என்ற செய்தி, மெடிக்கல் செக்கப் முடிந்த ரெண்டாம் நாளே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நிர்வாகம் கைவைக்கும், சண்டைக்குப் போகலாம் என்று தயாராக இருந்தேன். வந்தது நிர்வாகத்தின் நோட்டீஸ் இல்லை, நம் ஆட்களின் மனு. "அவரை வேறு செக்‌ஷனுக்கு மாற்ற வேண்டும்." கீழே 43 கையெழுத்து. எல்லாரும் ஒழுங்காக சந்தா கட்டுகிறவர்கள். "பார்க்கலாம்" என்று சொல்லி டிராயரில் போட்டேன்.

அந்த வாரம் அவர் சந்தா கட்ட வந்தார். நான் கையை நீட்டினேன். அவர் பணத்தை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, "எடுத்துக்குங்க தோழர்" என்று ரெண்டடி பின்னால் போய் நின்றார். ரசீதை எழுதி நானும் மேசையிலேயே வைத்தேன். அடுத்த மாதம் அவர் வரவில்லை, தானாகவே வேலையை விட்டுவிட்டார். நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதும் வேலைகூட மிச்சம்.

ஸ்பானர்:
டிராயரில் போட்டதுதான் தப்பு தோழர், கோபித்துக்கொள்ளாதீர்கள். மனுவுக்குப் பின்னால் இருப்பது பயம். அதைப் பேசவிட வேண்டும். எங்கள் இடத்திலும் பாசிட்டிவ் ஆன ஒருவரைப் பற்றி இதே மாதிரி மனு வந்தது, "மெஷினில் கை கிழிந்தால் ரத்தம் படுமே, யார் தூக்குவது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதானே? கூட்டத்துக்கு ஒரு நர்ஸை அழைத்தோம். தொட்டால், ஒரே டம்ளரில் குடித்தால், ஒரே கழிப்பறைக்குப் போனால் பரவாது என்று சொல்லிவிட்டு, "யாருடைய ரத்தமாக இருந்தாலும் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும், முதலுதவிப் பெட்டியைக் கொண்டு வாங்க" என்றார். திறந்தால் உள்ளே ஒரு சீப்பு, யாருடையதோ சைக்கிள் சாவி, காய்ந்துபோன மருந்து பாட்டில். கையுறை ஒன்றுகூட இல்லை. ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒருத்தர், "இத்தனை வருஷமா நாம யார் ரத்தத்தை எப்படித் தொட்டோம்?" என்றார். அதோடு கோபம் அந்த மனிதரை விட்டு நிர்வாகத்தின் பக்கம் திரும்பியது. கையுறை வந்தது. மனு எங்கே போனது என்று எனக்கும் தெரியாது.

நேர்பேச்சு:
இவ்வளவு பேச்சு எதற்கு? எல்லாருக்கும் கட்டாய டெஸ்ட் என்று சங்கமே கேட்டு வாங்கினால் குழப்பம் தீர்ந்தது. எங்கள் ஊழியர் ஒருத்தர் மூணு வருஷம் மறைத்துவிட்டார், எனக்கு இன்னும் ஆறவில்லை.

வார்டு 4:
நேர்பேச்சு, அவர் மறைத்ததில் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் எழுதவே இல்லையே. கட்டாய டெஸ்ட் கூடாது என்பது சும்மா சொல்வதில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2010-ஆம் ஆண்டு 200-ஆம் எண் பரிந்துரையே அதைத்தான் சொல்கிறது: வேலைக்காக டெஸ்ட் கேட்கக் கூடாது, முடிவைச் சொல்லச் சொல்லியும் கேட்கக் கூடாது, பாசிட்டிவ் என்பது வேலைநீக்கத்துக்குக் காரணம் ஆகாது. அதோடு, தொற்றிய முதல் சில வாரங்களில் டெஸ்ட் நெகடிவ் என்றே காட்டலாம். இன்று எடுத்த சீட்டு நாளைக்கு எதற்கு உதவும்?

என் கதை சின்னது. மருத்துவமனையில் துப்புரவு வேலை. குப்பைப் பையிலிருந்து ஊசி குத்தியது. சூப்பர்வைசர் "கழுவிட்டு வேலையைப் பாரு" என்றார். சங்கத் தோழி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஊசி குத்தினால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், பிதுக்காதீர்கள். தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும், 72 மணி நேரத்துக்குள். பிறகு 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்குக் குத்தினால் மாத்திரை எங்கே கிடைக்கும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று நிர்வாகத்தோடு போடும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். விபத்துப் பதிவேட்டில் அன்றைக்கே ஏற்றுங்கள். பின்னால் வேலையால் வந்தது என்று நிரூபிக்க அந்த ஒரு வரிதான் கையில் இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளி என்று சங்கமே ஒதுக்காதீர்கள், ஊசி எங்களுக்கும்தான் குத்துகிறது.

இரவு ஷிப்ட்:
வார்டு 4 சொன்ன ஒப்பந்த விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நாங்கள் முதலில் "எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் சிறப்பு விடுப்பு" என்று எழுதினோம். ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால்தான் யார் என்று தெரிந்துவிடுமே! அடுத்த முறை "நீண்டகால நோய்க்கு மருந்து எடுப்பவர்கள்" என்று மாற்றினோம். சர்க்கரை, காசநோய், இதயம், எல்லாரும் அதற்குள் வந்தார்கள். விண்ணப்பத்தில் நோயின் பெயருக்கு இடமே வைக்கவில்லை. இந்தத் தடவை விண்ணப்பங்கள் வந்தன. எது யாருக்கு என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

பெயர் வேண்டாம்:
பழைய செயலாளருக்கு. நான் அவர் இல்லை, ஆனால் அந்த ரெண்டடி எனக்குத் தெரியும். ரொம்ப நாள் நானும் அப்படித்தான் நின்றேன். தினம் ஒரு மாத்திரை, வேளை தவறுவதில்லை. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது, அப்படியே இருக்கும்வரை உடலுறவில்கூட அடுத்தவருக்குப் பரவாது என்று டாக்டர் சொன்ன நாளில் அழுதேன். டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினத்தன்று சங்க வாசலில் சிவப்பு ரிப்பன் குத்துகிறார்கள், நானும் குத்திக்கொள்கிறேன். எங்கள் செயலாளருக்கு மட்டும் என் விஷயம் தெரியும். சொன்ன அன்று அவர் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடி, பேனாவைப் பையில் வைத்துவிட்டு, "இப்போ சொல்லுங்க" என்றார்.

நேர்பேச்சு:
என் ஊழியர் விஷயம் வேறு. நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.