எனிடெஸ்க் தானாகவே கனெக்ட் ஆகிறது, உடனே உதவி தேவை

பைப்கடை_காவேரிப்பட்டணம்:
வணக்கம். அவசரம். கடைக் கம்ப்யூட்டரில் மவுஸ் தானாக நகர்கிறது. நேற்று ராத்திரி கடை சாத்தும்போது பார்த்தேன், யாரோ உள்ளே இருக்கிற மாதிரி இருந்தது. போன வாரம் பில்லிங் சாஃப்ட்வேர் ஆள் எனிடெஸ்கில் (தூரத்திலிருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்குகிற சாஃப்ட்வேர்) வந்து சரி செய்தார். அதற்கு அப்புறம்தான் இப்படி. ஃபார்மட் அடித்தால் போய்விடுமா? பழைய பில் எல்லாம் இதில்தான் இருக்கிறது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லவும்.

ஓசூர்_நைட்ஷிப்ட்:
எந்த சாஃப்ட்வேர்? விண்டோஸ் 10-ஆ, 11-ஆ? முக்கியமாக, நீங்கள் அவரைக் கூப்பிட்டீர்களா, அவராக உங்களைக் கூப்பிட்டாரா? நம்பர் எங்கே எடுத்தீர்கள்? இப்போதைக்கு நெட் ஒயரைப் பிடுங்கி வையுங்கள். ஃபார்மட் வேண்டாம். அடித்தால் உள்ளே வந்தது யார் என்கிற தடயமும் சேர்ந்து போய்விடும்.

மத்தூர்_மணி:
மவுஸ் எதன் மேல் இருக்கிறது? என் கடையிலும் இதே தொல்லை. கண்ணாடி மேசையில் அம்புக்குறி தானாக ஓடும். பழைய காலண்டர் அட்டையைக் கீழே வைத்தேன், நின்றுவிட்டது. ஒன்றரை வருடமாகப் பிரச்சினை இல்லை.

பழைய_பென்டியம்:
மாதம் ஒருமுறை யாராவது வந்து இதே கேள்வியைக் கேட்கிறீர்கள். தேடிப் பார்க்கிற பழக்கம் ஒருவருக்கும் கிடையாது. 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எனிடெஸ்க் பெயரைச் சொல்லி வங்கிகளை எச்சரித்தது. நான் 1998-லிருந்து கம்ப்யூட்டர் பார்க்கிறேன், ஒருவனையும் என் மெஷினுக்குள் விட்டதில்லை. முன்பின் தெரியாதவனிடம் எனிடெஸ்க் திரையில் காட்டும் ஒன்பது இலக்க எண்ணை வாசித்துக் காட்டிவிட்டு, அப்புறம் இங்கே வந்து அழுதால் என்ன செய்வது?

ஓசூர்_நைட்ஷிப்ட்:
ஐயா, ரிசர்வ் வங்கி சொன்னது போனில் எனிடெஸ்க் போடவைத்து யூபிஐ பணத்தை உருவுகிற கும்பலைப் பற்றி. இவர் கேட்பது கடைக் கம்ப்யூட்டர். அவரை முதலில் பேச விடுங்கள்.

பைப்கடை_காவேரிப்பட்டணம்:
நான்தான் கூப்பிட்டேன். நம்பர் சாஃப்ட்வேர் வாங்கிய பில்லிலேயே இருக்கிறது. பிரிண்டரில் பில் பாதியோடு நின்றது, அதைச் சரி செய்தார். பேர் வேண்டாம், டீலர் தெரிந்தவர். கண்ணாடி மேசை இல்லை. விண்டோஸ் 10.

ஓசூர்_நைட்ஷிப்ட்:
சரி, அப்படியென்றால் திருடன் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். எனிடெஸ்கில் உள்ளே வர இரண்டு வழி. ஒன்று, ஒவ்வொரு முறையும் உங்கள் திரையில் ஒரு சின்ன ஜன்னல் வரும், நீங்கள் சம்மதம் என்று அழுத்தினால்தான் அவர் வர முடியும். இன்னொன்று, ஆள் இல்லாதபோதும் வருவதற்கு ஒரு பாஸ்வேர்டு வைத்துவிடுவது. இந்த இரண்டாவது வழியில் அவர் தன் பக்கத்தில் ‘இனிமேல் தானாக லாகின்’ என்பதையும் டிக் அடித்துவிட்டால், அந்தப் பாஸ்வேர்டைக்கூட அடுத்த முறை கேட்காது. சப்போர்ட் பையன்கள் பத்து கடைக்கு ஒரே பாஸ்வேர்டு வைத்துவிட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன். கெட்ட எண்ணம் என்று இல்லை, ஒவ்வொரு தடவையும் போன் அடிக்கச் சோம்பல்.

எனிடெஸ்கை இன்ஸ்டால் செய்திருந்தால், சி டிரைவில் மறைந்திருக்கும் ப்ரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குள் எனிடெஸ்க் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் கனெக்‌ஷன் ட்ரேஸ் என்கிற டெக்ஸ்ட் ஃபைலைத் திறங்கள். யார் எப்போது வந்தார் என்று ஒவ்வொரு வரியாக இருக்கும். வரியில் ‘யூசர்’ என்றிருந்தால் இந்தப் பக்கம் யாரோ சம்மதம் அழுத்தியது. ‘பாஸ்வேர்டு’ என்பதன் சுருக்கமோ ‘டோக்கன்’ (அந்தத் தானாக லாகின்) என்றோ இருந்தால் கேட்காமல் வந்தது. அந்த ஃபைலை ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

கணக்கர்_தர்மபுரி:
அண்ணா, குரோமில் பாஸ்வேர்டு சேமித்து வைத்திருக்கிறீர்களா? ஜிஎஸ்டி, பேங்க் இரண்டும்? அந்தக் கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் பாஸ்வேர்டு இல்லையென்றால், உள்ளே வந்தவர் கண் பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் வாசித்துவிடலாம். வாட்ஸாப் வெப் திறந்தே கிடக்கிறதா? பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், ஆனால் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றாதீர்கள், போனிலிருந்து மாற்றுங்கள். பேங்கில் ஒரு ரூபாய் குறைந்திருந்தாலும் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள். பணத்தை நடுவழியில் நிறுத்த முடிவது முதல் சில மணி நேரத்தில்தான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம் எங்கள் ஆபீசில் ஒருவர் இப்படித்தான் பிரிண்டர் பார்க்க வந்தார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்புக்குறி பிரிண்டர் பக்கம் போவதற்கு முன்பு, டெஸ்க்டாப்பில் இருந்த ஃபைல்கள் மேல் ஒவ்வொன்றாக நின்று நின்று போனது. ‘பாக்கி லிஸ்ட்’ மேல் கொஞ்சம் கூடுதலாக நின்றது. எதையும் திறக்கவில்லை, குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் வீட்டுப் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் நின்ற மாதிரி இருந்தது. அன்றிலிருந்து டெஸ்க்டாப்பில் ரீசைக்கிள் பின் மட்டும்தான்.

மத்தூர்_மணி:
பாக்கி லிஸ்ட் வெளியே போனால் எவ்வளவு ஆபத்து என்று கடைக்காரனுக்குத்தான் தெரியும். மாங்காய் சீசன் முடிந்து தருகிறேன் என்று பைப் எடுத்தவன் பேர் எல்லாம் அதில் இருக்கும். எதிர்க்கடைக்காரன் கையில் கிடைத்தால் போதும்.

பாலக்கோடு_பாண்டி:
இதற்குத்தான் ரிமோட்டே வேண்டாம் என்கிறேன். சிபியூவைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு கடையில் கொடுத்தால் முகம் பார்த்து வேலை. ஓடிப்போக மாட்டான்.

ஓசூர்_நைட்ஷிப்ட்:
கடையில் கொடுத்துவிட்டு நீங்கள் டீ குடிக்கப் போகும் நேரத்தில் ஹார்டு டிஸ்க் மொத்தமும் காப்பி ஆகிவிடும். ரிமோட்டில் மவுஸ் எங்கே போகிறது என்றாவது கண்ணில் படும்.

பாலக்கோடு_பாண்டி:
எங்கள் ஊர்க் கடைக்காரர்களைத் திருடன் என்கிறீர்களா?

ஓசூர்_நைட்ஷிப்ட்:
அப்படிச் சொல்லவில்லை. முகம் தெரிவதால் மட்டும் நம்பிக்கை வந்துவிடாது என்றேன்.

பழைய_பென்டியம்:
இரண்டு பேரும் நிறுத்துங்கள். எனிடெஸ்க் கம்பெனியின் சர்வரிலேயே ஆள் புகுந்ததை 2024 பிப்ரவரியில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். எனிடெஸ்க் மாதிரியே வேலை செய்கிற ரஸ்ட்டெஸ்க் போட்டுச் சொந்தமாக சர்வர் வைத்துக்கொண்டால் இந்தப் பஞ்சாயத்தே இல்லை. அரை நாள் வேலை.

கணக்கர்_தர்மபுரி:
ஐயா, பைப் கடைக்காரர் சொந்த சர்வர் வைக்கவா? விண்டோஸிலேயே குயிக் அசிஸ்ட் இருக்கிறது, கன்ட்ரோலும் விண்டோஸ் பொத்தானும் க்யூவும் சேர்த்து அழுத்தினால் வரும். ஒவ்வொரு முறையும் புதுக் குறியீடு கொடுக்க வேண்டும், ஜன்னலை மூடினால் கதை முடிந்தது. ஆள் இல்லாத நேரத்தில் வர அதில் வழி கிடையாது.

பழைய_பென்டியம்:
மைக்ரோசாஃப்ட் மட்டும் என்ன உத்தமமா?

மத்தூர்_மணி:
இழை போட்டவரைக் காணோமே. ஒயரைப் பிடுங்கியதில் நெட் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாரோ?

பைப்கடை_காவேரிப்பட்டணம்:
போனிலிருந்து எழுதுகிறேன். அந்த ஃபைலைப் பார்த்தேன். முதல் வரி பாஸ்வேர்டு, அதற்குக் கீழே மூன்று வரி டோக்கன், எல்லாம் ஒரே ஐடி. டீலரைக் கேட்டேன். பையன் அப்டேட் போட வந்தானாம், எல்லாக் கடைக்கும் அப்படித்தான் வைத்திருக்கிறார்களாம். பாஸ்வேர்டு என்ன தெரியுமா, எங்கள் கடைப் பேரும் 123-ம். பேங்க்கில் ஒன்றும் போகவில்லை. எனிடெஸ்க் செட்டிங்கில் பாஸ்வேர்டை எடுத்து, டோக்கன் எல்லாம் கிளியர் செய்து, அப்புறம் அன்இன்ஸ்டால் செய்துவிட்டேன். ஜிஎஸ்டி பாஸ்வேர்டை மாற்றியாயிற்று. இனிமேல் நேரில் வாருங்கள் என்றேன், ஒரு தடவைக்கு 500 கேட்கிறார்கள். பிரிண்டர் மறுபடி பாதியோடு நிற்கிறது.

மத்தூர்_மணி:
பிரிண்டர் எந்த மாடல்?

ஓசூர்_நைட்ஷிப்ட்:
முதலில் சாஃப்ட்வேர் பேரையாவது சொல்லுங்கள் அண்ணா. இதே டீலரிடம் வாங்கியவர்கள் இங்கேயே நாலு பேர் இருப்பார்கள்.

கணக்கர்_தர்மபுரி:
அண்ணா?