நீரிழிவுத் தடுப்பு வகுப்பு: 16 சந்திப்பை 6 ஆக்கலாமோ?

கேள்வி:
வணக்கம். 2002இல் முடிவு வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வின்ர முறையை வலிகாமத்தில ஒரு சனசமூக நிலையத்தில நடத்த யோசிக்கிறம். நீரிழிவுக்கு முந்தின நிலையில இருக்கிற 20 பேர், கூடுதலாப் பெண்கள். மூலத்தில 24 கிழமைக்குள்ள 16 பாடம். 6 ஆச் சுருக்கலாமோ? சாப்பாட்டுப் பாடமும் எங்கட சமையலுக்குச் சரிவராது.

பதில் 1:
சாப்பாட்டுப் பாடத்தைத் தாராளமா மாத்துங்கோ, சந்திப்பைக் குறைக்காதேங்கோ. அங்க நீரிழிவு வாற ஆபத்து 58 வீதம் குறைஞ்சதுக்குப் பின்னால அடிக்கடி நிறை பாத்ததும், சாப்பிட்டதை அண்டண்டைக்கு எழுதினதும், எழுதினதை ஒராள் பக்கத்தில இருந்து வாசிச்சுக் கதைச்சதும் இருக்கு. சுருக்கேக்க முதல்ல போறது இதுகள்தான். வேணுமெண்டால் வகுப்பை 40 நிமிசமாக்கிக் குழுவா நடத்துங்கோ. நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஆக்கள் வராயினம், அதைப் பாத்துத் திகதி போடுங்கோ.

கலோரி எழுதச் சொன்னால் இரண்டாம் கிழமையே கொப்பி வெறுமையா வரும். சோறு எத்தினை அகப்பை, புட்டு அரை நீத்துப்பெட்டியோ முழுசோ, தேத்தண்ணிக்குச் சீனி எத்தினை கரண்டி எண்டு எழுதட்டும். முதல் நாள் எல்லாரும் தங்கட அகப்பையைக் கொண்டுவந்து ஒரு அகப்பைச் சோத்தை நிறுத்துப் பாக்கோணும். அகப்பைக்கு அகப்பை அளவு வித்தியாசம்.

பதில் 2:
சந்திப்பு விசயத்தில முழுசா உடன்பட ஏலாது. 2006இல் வந்த இந்திய ஆய்வில மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு, ஆறு மாதத்துக்கு ஒருக்கா நேரில். அதிலயும் 28.5 வீதம் குறைஞ்சது. 6 வகுப்புத்தான் ஏலுமெண்டால் இடையில போன் எடுங்கோ, ஆனால் 58ஐ எதிர்பாக்காதேங்கோ.

அந்த இந்திய ஆய்வில நிறை குறையாமலே பலன் வந்தது. அமெரிக்க ஆய்வின்ர குறி உடம்பு நிறையில 7 வீதம் குறைக்கிறது, 70 கிலோ ஆளுக்கு 4.9 கிலோ. மெலிஞ்ச உடம்பில வயிறு மட்டும் வைச்ச ஆளுக்கு அது பொருந்தாது. இடுப்புச் சுற்றளவை எடுங்கோ, எல்லை: பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர், ஆணுக்கு 90. தராசைப் பாயில வைக்காமல் சீமெந்து நிலத்தில வையுங்கோ. தராசு சரியோ எண்டு பாக்க ஒவ்வொரு முறையும் உடைக்காத 10 கிலோ அரிசிப் பையை முதல்ல நிறுங்கோ.

கேட்டவர்:
நன்றி. நடை? விடியக்காலமை தனிய றோட்டில நடக்கப் பெண்கள் விரும்பாயினம்.

பதில் 1:
அமெரிக்க ஆய்வின்ர கிழமைக்கு 150 நிமிசம் எண்ட குறியை விடாதேங்கோ, இடத்தை மாத்துங்கோ. பின்னேரம் கோயில் வெளிவீதியில நாலைஞ்சு பேராச் சேந்து, 30 நிமிசம், அஞ்சு நாள். கதைக்கலாம், பாடேலாது, அந்த வேகம் வேணும். கும்பிட்டபடி வீதி சுத்தினதைக் கணக்கில சேர்க்கக் கூடாது. மாத்தின ஒவ்வொண்டையும் ஏனெண்டு திகதியோட எழுதி வையுங்கோ. பலன் குறைஞ்சால் எந்த மாற்றத்தால எண்டு தேட அந்தக் கொப்பிதான் இருக்கும்.