வேப்பமரத்துச் செவல வண்டு: புது இனமா, பேர் வைக்கலாமா?

கொறங்காடு:
காங்கேயம் பக்கம் கோடை மழை பேஞ்சதும் பொழுதோட வேப்பமரத்துல செவல வண்டு மொய்க்குதுங்க. அதுல ஹோலோட்ரைகியா செர்ராட்டாங்கற இனம் தெரியும். அதுகூடவே பாதி அளவுல, மயிரடர்ந்த ஒண்ணும் வருது. எந்தப் படத்தோடயும் ஒத்துப் போகலை. புதுசுன்னா 'கொங்குயென்சிஸ்'னு பேர் வைக்கலாங்களா?

நொய்யல்கரை:
படத்தை வெச்சு இந்தக் கூட்டத்துல இனம் சொல்ல முடியாதுங்க. மொதல்ல கால் நகத்தைப் பாருங்க. நுனி பிளந்திருந்தா ஸ்கிசோனிகாங்கற பேரினத்துப் பக்கம் தேடலாம். அப்பறம் ஆணுறுப்பு, அதுதான் முடிவு சொல்லும். காஞ்ச வண்டைச் சுடுதண்ணியில ஊறப்போட்டு, கால் மடங்குற பதத்துல, நுனி வளைச்ச ஊசியால வயித்துக் கடைசியிலிருந்து மெல்ல இழுக்கோணும். 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல ஒரு ராத்திரி கிடந்தா சதை கரைஞ்சிரும். அவசரத்துக்குக் கொதிக்க வெச்சா உறுப்போட நுனி இளகிக் கோணிக்கும். அந்தக் கோணலையே புது இனத்தோட அடையாளம்னு எழுதிப்புடுவீங்க! அலசி, கிளிசரின் போட்ட சின்னக் குப்பியில வெச்சு, வண்டைக் குத்தி வெக்கிற ஊசியிலயே வண்டுக்குக் கீழ குத்துங்க. தனி டப்பாவுல போட்டா எது எதோடதுன்னு தெரியாது. அந்த ஊசி வலது முன்னிறக்கையில இறங்கோணும், நடுவுல இல்லை. டி.என்.ஏ.வுக்கு ஒண்ணு ரெண்டை 95% எத்தனால்ல போட்டு வைங்க. இடம், தேதி, மரம் எழுதாத வண்டு குப்பைக்குத்தான்.

ஆனமலையான்:
படத்தோட ஒத்துப்போகலைன்னா புதுசுன்னு ஆகிடாதுங்க. பழைய பேர் ஒண்ணு எங்கியாவது கிடக்கும், அதுக்குத்தான் முன்னுரிமை. தேடறப்ப இப்போதைய பேரினத்தோட நின்னுறாதீங்க. செர்ராட்டாவையே 1781ல அதுக்குப் பேர் வெச்ச பாப்ரீசியஸ் மெலோலாந்தாங்கற பேரினத்துலதான் சேர்த்தாரு. பேரினம் மாறினதாலதான் இனப்பேருக்குப் பின்னால அவர் பேரை அடைப்புக்குறிக்குள்ள போடறாங்க. நிஜமாவே புதுசுன்னா மூலமாதிரி (பேருக்கு ஆதாரமா நிக்கிற வண்டு) எதுன்னு ஒரே ஒரு வண்டைக் காட்டி, அது எந்தக் காட்சியகத்துல இருக்குதுன்னும் கட்டுரையிலயே எழுதோணும். மின்னிதழ்ல மட்டும் வருதுன்னா ஸூபேங்க்ங்கற விலங்குப் பேர்ப் பதிவேட்டுல பதிவும் வேணும். 2002 பல்லுயிர்ச் சட்டம் 39ஆம் பிரிவுப்படி புது இனத்தை அரசு குறிச்ச நிறுவனத்துக்குத் தெரிவிச்சு, மாதிரியும் ஒப்படைக்கோணும். 'கொங்குயென்சிஸ்' பேரினம் ஆண்பாலோ பெண்பாலோ அப்படியே நிக்கும். அஃறிணைப் பாலுக்கு மட்டும் 'கொங்குயென்ஸே'. அதுவரைக்கும் இந்தப் பேரை யூடியூப்லயும் வாட்ஸ்அப்லயும் பரப்பாதீங்க. விளக்கமில்லாத வெறும் பேர் செல்லாது, அடுத்து வர்றவனுக்குத்தான் குழப்பம்.

கொறங்காடு:
பெண் வண்டையும் எடுத்து வெக்கோணுங்களா?

நொய்யல்கரை:
எடுங்க, ஆனா ஜோடி சேர்ந்திருக்கறப்ப. தனியாப் பிடிச்ச பெண்ணு எந்த ஆணோடதுன்னு சொல்றது கஷ்டம். ஜோடி ரெண்டுக்கும் ஒரே எண் போட்டிருங்க.