பாரதி பாட்டுக்குக் காப்புரிமைக் கோரிக்கை, அவசர உதவி தேவை

கிளிப்பேச்சு:
வணக்கம். மகள் பாடிய "சின்னஞ்சிறு கிளியே" வீடியோவை யூடியூபில் ஏற்றினேன். கொஞ்ச நேரத்திலேயே காப்புரிமைக் கோரிக்கை என்று மெயில். பாரதி பாட்டு நாட்டுடைமை ஆச்சே, இதற்கு யார் உரிமை கேட்பது? எப்படி நீக்குவது? சேனல் போய்விடுமா? சீக்கிரம் சொல்லுங்கள், ஊரில் அம்மா லிங்க் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நெல்லைக்காரி:
யார் பெயரில் கோரிக்கை வந்திருக்கிறது? வெறும் குரலா, பின்னணி இசை உண்டா? மெயிலில் இருப்பதை அப்படியே போடுங்கள்.

ராத்திரிரவுட்டர்:
வேகத்தை 5 சதவீதம் கூட்டி மறுபடி ஏற்றுங்கள். ஒலியை ஒப்பிடும் ரோபோவுக்குத் தெரியாது. நான் எப்போதும் அப்படித்தான்.

நெல்லைக்காரி:
குழந்தையின் குரல் அணில் கத்துவது மாதிரி இருக்கும். பரவாயில்லையா?

கடலைமிட்டாய்:
வீடியோவுக்குக் கீழே "செக்‌ஷன் 107, நியாயமான பயன்பாடு" என்று போட்டுவிடுங்கள். எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள்.

பழையமோடம்:
இதே கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. 107 அமெரிக்கச் சட்டம் ஐயா. நம்முடையது 1957ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 52. எதை எழுதி ஒட்டினாலும் ஒலியை ஒப்பிடும் மென்பொருள் அதைப் படிக்கப் போவதில்லை.

வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றுக்கும் உரிமை தனித்தனி. வரியை அரசு 1949லேயே வாங்கிவிட்டது. எல்லாரும் பாடும் ராகமாலிகை மெட்டு, 'மணமகள்' (1951) படத்துக்கு சி.ஆர். சுப்பராமன் போட்டது. அவர் 1952இல் காலமானார். அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம் கணக்கிட்டால் 2012ஓடு முடிந்தது. மிச்சம் ஒலிப்பதிவு. எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை கோரிக்கை என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஜோசியம்தான்.

கடலைமிட்டாய்:
"அரசு வாங்கிவிட்டது" என்பது தப்பு. ஏவி. மெய்யப்பச் செட்டியார் காசு வாங்காமல் கொடுத்தார்.

பழையமோடம்:
அவரிடம் இருந்தது இசைத்தட்டு, ஒலிபரப்பு உரிமை. அது இலவசம்தான். நூல்களுக்காக பாரதி குடும்பத்துக்கு அரசு பணம் கொடுத்தது. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

ராத்திரிரவுட்டர்:
'பில்ஹணன்' (1948) படத்தில் பாரதி பாட்டு வந்ததற்கு டி.கே.எஸ். சகோதரர்கள் மேல் இதே செட்டியார் வழக்குக்குப் போனாரே? அவ்வளவு பெரிய மனசுக்காரர் அப்போது எங்கே போனார்?

கடலைமிட்டாய்:
காசு கொடுத்து வாங்கியவர் கேட்கத்தான் செய்வார். அதற்கப்புறம் விட்டுக்கொடுத்தாரா இல்லையா?

நெல்லைக்காரி:
கேள்வி கேட்டவரை நடுத்தெருவில் விட்டுவிட்டு எல்லாரும் 1948க்குப் போய்விட்டீர்கள்.

கிளிப்பேச்சு:
0:03 முதல் 0:29 வரை என்று காட்டுகிறது. மகள் 0:31இல்தான் பாட ஆரம்பிக்கிறாள். இசை எதுவும் இல்லை, தம்புரா மட்டும். நெட்டில் எடுத்தது.

நெல்லைக்காரி:
அதை முதலிலேயே சொல்லக்கூடாதா! பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தத் தம்புராவை யாரோ தன் ஆல்பத்தில் சேர்த்துப் பதிவு செய்திருக்கிறார். குரல் சேர்ந்த பிறகு ரோபோவால் அடையாளம் காண முடியவில்லை போல. இது கோரிக்கைதான், சேனலையே பாதிக்கும் ஸ்ட்ரைக் இல்லை. சேனலுக்கு ஒன்றும் ஆகாது. ஆட்சேபம் தெரிவிக்க வேண்டாம், அந்த ஒலி உங்களுடையது இல்லை. எடிட்டரில் முதல் 30 நொடியை வெட்டிவிட்டுச் சேமியுங்கள்.

கடலைமிட்டாய்:
நாலு தந்தியை மீட்டுவதற்கெல்லாம் உரிமையா?

பழையமோடம்:
தந்திக்கு இல்லை. பதிவுக்கு. மேலே எழுதியதைப் படிக்கவும்.

கிளிப்பேச்சு:
வெட்டினேன், போய்விட்டது. நன்றி.

ராத்திரிரவுட்டர்:
வேகத்தைக் கூட்டியிருந்தாலும் போயிருக்கும்.