சோழவந்தான் வீடு: அப்பத்தா பாட்டுக்கு எந்த ஹார்ட் டிஸ்க்?

வெள்ளி, இரவு 8:40

நான்: எல்லோருக்கும் ஒரு கேள்வி. இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பத்தா பாட்டைப் பதிவு பண்ணத் தொடங்குகிறேன். மைக் இரண்டு இருக்கிறது, மைக்கை லேப்டாப்போடு இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸும் வந்துவிட்டது. லேப்டாப்பில் 30 ஜிபி கூடக் காலி இல்லை. வெளியே மாட்டுகிற டிஸ்க் ஒன்று வாங்க வேண்டும். எது வாங்கலாம்?

முத்து சித்தப்பா: வாங்குவதே வாங்குகிறாய், பெரிதாக வாங்கு. எங்கள் ஆபீஸில் 4 டிபி ஒன்று இருக்கிறது. மேசை மேல் வைப்பது, தனி அடாப்டர். நாலு வருஷமாக ஓடுகிறது.

செல்வி அத்தை: முதலில் அம்மா பாட ஒத்துக்கொண்டதா?

நான்: தாலாட்டும் நடவுப் பாட்டும் வீட்டிலேயே பாடுகிறேன் என்றது அத்தை. ஒப்பாரி மட்டும் வீட்டுக்குள் ஆகாதாம். விளக்கேற்றுகிற வீட்டில் அழுகைப் பாட்டு எதற்கு, தோப்புக்குப் போய்ப் பாடலாம் என்கிறது.

செல்வி அத்தை: அது சரிதான். சும்மா இருக்கும்போது வீட்டுக்குள் ஒப்பாரியை யாரும் பாட மாட்டார்கள்.

பிரபு அண்ணன்: தோப்பு என்றால் சித்தப்பா சொல்கிற அடாப்டர் டிஸ்க் வேண்டாம் தம்பி. மோட்டார் ரூம் லைனை நம்பாதே, கரண்ட் போய்ப் போய் வரும். பதிவு ஓடும்போது டிஸ்க்குக்குக் கரண்ட் நின்றால் அந்த ஃபைலே கெட்டுப்போகலாம். லேப்டாப் யூஎஸ்பியிலிருந்தே கரண்ட் எடுக்கிற சின்ன டிஸ்க்தான் உனக்குச் சரி.

செல்வி அத்தை: இதைப் பார். 16 டிபி எஸ்எஸ்டி, சிப்பில் சேமிக்கிற டிஸ்க்காம், இரண்டாயிரம் ரூபாய்கூட இல்லை. ஆஃபர் இன்று இரவோடு முடிகிறதாம்.

பிரபு அண்ணன்: அத்தை, அதைத் தொடாதீர்கள். அந்த விலைக்கு 16 டிபி கிடைக்கவே கிடைக்காது. உள்ளே சின்ன மெமரி கார்டு ஒன்றை வைத்து, கம்ப்யூட்டரில் 16 டிபி என்று காட்டும்படி செய்திருப்பார்கள். உண்மையான இடம் நிறைந்ததும் அதற்குமேல் எழுதுவதெல்லாம் காணாமல் போகும். காப்பி ஆனதுபோலவே தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. அப்பத்தா பாட்டை அதில் போட்டுவிட்டு ஆறு மாசம் கழித்துத் தேடினால் என்ன செய்வது?

செல்வி அத்தை: ஐயோ, வேண்டாம் வேண்டாம்.

நான்: எஸ்எஸ்டி என்றால் வேகத்தைப் பார்த்து வாங்க வேண்டுமா அண்ணே? வினாடிக்கு 500 எம்பி, 1050 எம்பி என்று என்னென்னவோ போட்டிருக்கிறார்கள்.

பிரபு அண்ணன்: வேகத்தை விடு. கணக்கைப் பார். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்ற பதிவுத் தரத்தில் ஒரு மைக் ஒரு நிமிஷத்துக்கு 8.6 எம்பி எடுக்கும். இரண்டு மைக் ஒரு மணி நேரம் ஓடினால் 1 ஜிபிக்குக் கொஞ்சம் மேலே. வினாடிக்கு 0.3 எம்பி கூட இல்லை. சாதா ஹார்ட் டிஸ்க்கே வினாடிக்கு 100 எம்பி எழுதும். எட்டு மைக் வைத்தாலும் வினாடிக்கு 1 எம்பிதான் வரும். அந்த 1050 எல்லாம் வீடியோ வேலைக்காரர்களுக்கு.

பிரபு அண்ணன்: இடமும் அப்படித்தான். வாரம் மூணு மணி நேரம் என்று வருஷம் முழுக்கப் பதிவு பண்ணினாலும் 160 ஜிபி பக்கம்தான். 1 டிபி போதும். 4 டிபிக்குக் கொடுக்கிற பணத்தில் இரண்டு டிஸ்க் வாங்கு.

முத்து சித்தப்பா: வேகமும் வேண்டாம், இடமும் வேண்டாம் என்றால் சாதா ஹார்ட் டிஸ்க்கே போதுமே. எஸ்எஸ்டிக்கு ஏன் கூடுதல் பணம்?

பிரபு அண்ணன்: சத்தம் சித்தப்பா. ஹார்ட் டிஸ்க் உள்ளே தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். நிமிஷத்துக்கு 5400 சுற்று, வினாடிக்கு 90. மைக் ஸ்டாண்டும் டிஸ்க்கும் ஒரே மேசையில் இருந்தால் அந்த அதிர்வு மேசை வழியாக மைக்குக்கு ஏறிவிடும். நேரில் காதுக்குத் தெரியாது. அப்பத்தா தாலாட்டில் ஒரு அடி முடித்து மூச்சு வாங்குமே, அந்த இடைவெளியில் அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒன்று கிடக்கும். ஒரு கிழவி பாடும்போது எனக்கு இது நடந்தது. எடுக்கப் பார்த்தால் குரலின் அடித்தொண்டையும் சேர்ந்து போகிறது. எஸ்எஸ்டியில் சுற்றுகிற பொருளே கிடையாது.

பிரபு அண்ணன்: இன்னொன்று, கீழே விழுந்தாலும் எஸ்எஸ்டி பெரும்பாலும் தாங்கும். ஓடுகிற ஹார்ட் டிஸ்க் விழுந்தால் உள்ளே படித்து எழுதுகிற தலை தட்டில் உரசிவிடும்.

சிறிது நேரம் யாரும் எழுதவில்லை.

முத்து சித்தப்பா: அது எனக்குத் தெரியும் பிரபு.

முத்து சித்தப்பா: அப்பா வெற்றிலைக் கொடிக்கால் வேலை பற்றி, பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடுகிற நாளைப் பற்றி எல்லாம் மூணு மணி நேரம் பேசியிருந்தார். அது இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கட்டிலில் வைத்துக் காப்பி பண்ணிக்கொண்டிருந்தேன். கால் வயரில் பட்டது. தரைக்கு ஓரடி உயரம்தான். அதற்குப் பிறகு மாட்டினால் ‘டிக் டிக்’ என்று மட்டும் கேட்டது. கடையில் கொடுத்தேன், எடுக்க முடியாது என்று திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது அப்பா குரல் என்று நம்மிடம் இருப்பது அந்த 40 வினாடி வீடியோ மட்டும்.

செல்வி அத்தை: அந்த டிஸ்க்கை நான் தூக்கிப் போடவில்லை. என் பீரோவில்தான் இருக்கிறது.

பிரபு அண்ணன்: அத்தை, நிஜமாகவா? ஒரு உதவி செய்யுங்கள். அதன் பிளாஸ்டிக் பெட்டி கழன்றிருந்தால் உள்ளே வெள்ளி நிறத்தில் ஒரு தகட்டுப் பெட்டி தெரியும். அதன் விளிம்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

செல்வி அத்தை: 📷 படம்

செல்வி அத்தை: கிழியவில்லை. மேலே ‘அப்பா’ என்று நான் எழுதி ஒட்டின பேப்பர்தான் மஞ்சளாகியிருக்கிறது.

பிரபு அண்ணன்: அப்படியானால் கடையில் யாரும் திறக்கவில்லை. யாரும் இனி எந்தக் கம்ப்யூட்டரிலும் அதை மாட்டிப் பார்க்க வேண்டாம், ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் தட்டு இன்னும் கீறலாம். தூசி இல்லாத அறையில் திறந்து, அதே மாடல் டிஸ்க்கின் தலையை மாற்றிப் போட்டு எடுக்கிற இடங்கள் உண்டு. செலவு ஆகும். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். விசாரித்துவிட்டுச் சொல்கிறேன்.

முத்து சித்தப்பா: செலவு நான் பார்த்துக்கொள்கிறேன்.

சனி, காலை 10:15

நான்: மதுரை டவுன்ஹால் ரோட்டில் நிற்கிறேன். 1 டிபி எஸ்எஸ்டி ஒன்று, 1 டிபி சாதா போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் ஒன்று. சரியா அண்ணே?

பிரபு அண்ணன்: சரி. எஸ்எஸ்டியில் பதிவு, ஹார்ட் டிஸ்க்கில் காப்பி. ஹார்ட் டிஸ்க் பதிவு நடக்கிற அறைக்கே வர வேண்டாம். என்னிடம் சாம்சங் டி7 இருக்கிறது, எனக்கு ஒரு குறையும் இல்லை. காப்பிக்கு சீகேட்டோ டபிள்யூடியோ, எது இருந்தாலும் வாங்கு. பில் கேட்டு வாங்கிக்கொள். ஆனால் வாரண்டியில் டிஸ்க்கைத்தான் மாற்றிக் கொடுப்பார்கள், உள்ளே இருந்ததைக் கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் இரண்டு.

மீனா அக்கா: எடிட் பண்ணுவது நான்தானே, என்னிடம் மேக் இருப்பதை மறந்துவிடாதே. டிஸ்க்கை விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் கொடுத்தால் மேக்கில் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. இரண்டிலும் ஓடுகிற எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் பண்ணிவிடு. ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் ஏறாது.

பிரபு அண்ணன்: எக்ஸ்ஃபேட் என்றால் ‘எஜெக்ட்’ கொடுக்காமல் பிடுங்கவே கூடாது. பாதியில் பிடுங்கினால் ஃபோல்டரே குழம்பிப்போகலாம். இன்டர்ஃபேஸையும் டிஸ்க்கையும் லேப்டாப்பில் தனித்தனி ஓட்டையில் மாட்டு. தனிக் கரண்ட் இல்லாத யூஎஸ்பி ஹப்பில் இரண்டையும் சேர்த்து மாட்டினால் இழுக்காது, பதிவு நடுவே ‘டக்’ என்று விட்டுப்போகும்.

பிரபு அண்ணன்: 24 பிட்டைக் குறைக்காதே. அப்பத்தா தாலாட்டைக் காதோடு சொல்கிற மாதிரி பாடும். நடவுப் பாட்டு முடிவில் அத்தையும் சேர்ந்து குலவை போட்டால் மீட்டர் சிவப்புக்கு ஓடிவிடும். மைக் சத்தத்தை ஏற்றி இறக்குகிற கெயினை நன்றாகக் குறைத்து வை. 24 பிட்டில் மெல்லிய குரலைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், உடைந்த குலவையை ஒட்ட முடியாது.

செல்வி அத்தை: குலவைக்கு நான் தயார்.

நான்: இரண்டும் வாங்கிவிட்டேன். ஃபைலுக்கு என்ன பெயர் போடுவது?

மீனா அக்கா: தேதி, என்ன பாட்டு, முதல் இரண்டு சொல். பாட்டுக்கு ஒரு ஃபைல். யாரிடம் கற்றது என்று அப்பத்தாவிடம் கேட்டு அதையும் பதிவிலேயே சொல்ல வை.

ஞாயிறு, இரவு 9:05

நான்: முடிந்தது. இரண்டு மணி பத்து நிமிஷம், 2.2 ஜிபி. ஃபேனை அணைத்துவிட்டோம், டிஸ்க்கிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒரு இடத்தில் ரயில் போகிறது, அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஹார்ட் டிஸ்க்கில் காப்பி போட்டு, இரண்டிலும் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து கேட்டுப் பார்த்தாயிற்று. ஹார்ட் டிஸ்க்கை அத்தை கையில் கொடுத்தனுப்பிவிட்டேன், ஒரே வீட்டில் இரண்டும் வேண்டாம் என்று.

நான்: 🎤 0:52

செல்வி அத்தை: வெற்றிலை உரல் இடிக்கிற சத்தம் கூட அப்படியே இருக்கிறதே. இடித்துக்கொண்டேதான் ஆரம்பிக்கும், எங்களைத் தூங்க வைக்கும்போதும் அப்படித்தான்.

முத்து சித்தப்பா: மூணு தடவை கேட்டேன். பிரபு, அந்தப் பழைய டிஸ்க்கை செல்வியிடமிருந்து வாங்கிக்கொண்டு செவ்வாய்க்கிழமை வருகிறேன். வீட்டில் இருப்பாய்தானே?

பிரபு அண்ணன்: இருப்பேன் சித்தப்பா. ஸ்பாஞ்சில் சுற்றி, டப்பாவில் வைத்து எடுத்து வாருங்கள். வண்டி டிக்கியில் போடாதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.