தகரப்பெட்டி ஹெட்போன் ஆம்ப்: எந்த அடாப்டர் வாங்குவது? மடிக்கணினியை மின்னேற்றும்போது இரைகிறது

நள்ளிரவு_நாகசுரம் (ஈசூன், சிங்கப்பூர்)

அத்தை மகன் பெர்த்துக்குக் குடிபெயர்ந்தபோது, தன் கையால் செய்த ஹெட்போன் ஆம்ப் (ஒலியைப் பெருக்கித் தரும் சிறு கருவி) ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுச் சென்றார். சிறிய தேயிலைத் தகரப்பெட்டிக்குள் எல்லாம் அடக்கம்: இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள், ஓபிஏ2134 என்று பொறித்த எட்டுக்கால் சில்லு, ஒலியளவுக் குமிழ், பக்கவாட்டில் ஒரு டிசி துளை. என் ஹெட்போன் 300 ஓம். கைப்பேசியில் நேராகச் செருகினால் தவில் அடுத்த புளோக்கில் அடிப்பது போலக் கேட்கிறது; இந்தப் பெட்டி நடுவில் வந்தால்தான் உயிர் வருகிறது.

குழந்தை தூங்கிய பிறகு சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக் கேட்பதுதான் என் பழக்கம். பேட்டரிச் செலவைக் குறைக்க, வீட்டில் கிடந்த பழைய ரவுட்டரின் 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரைச் செருகினேன். வேலை செய்கிறது. ஆனால் மூன்று விஷயங்கள் புரியவில்லை.

மடிக்கணினியின் சார்ஜரும் சுவரில் இருந்தால் ஹெட்போனில் 'ர்ர்ர்' என்ற இரைச்சல். சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றுவிடுகிறது. தகரப்பெட்டியைப் புறங்கையால் தடவினால் சுரசுரவென்று இருக்கிறது. அடாப்டர் செருகியிருந்தும் பேட்டரிகள் சீக்கிரமே தீர்ந்துபோகின்றன, இதுதான் எல்லாவற்றிலும் விசித்திரம்.

புதிதாக ஒன்று வாங்கத் தயார். 12 போதுமா, 15, 18, 24 என்று போக வேண்டுமா? 2 ஆம்பியர் இந்தச் சிறு பெட்டிக்கு அதிகமா? ரயிலில் போகும்போது பவர் பேங்கில் ஓட்ட முடியுமா?

தோபாயோ_தம்பி

2 ஆம்பியர் என்பது அந்த அடாப்டரால் அதிகபட்சம் கொடுக்க முடிவது. பெட்டி தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுக்கும், பயப்பட வேண்டாம். இரைச்சலுக்கு எளிய வழி: ரவுட்டரை யூஎஸ்பியில் ஓட்டுவதற்கென்று 5 வோல்ட்டை 12 ஆக உயர்த்தும் கேபிள் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. அதை மடிக்கணினியிலேயே செருகிவிடுங்கள். சுவர் அடாப்டரே வேண்டாம். மேசையும் சுத்தம்.

பழைய_ரேடியோ (செம்பவாங்)

அம்மா, அந்தக் கேபிளை வாங்காதீர்கள். தம்பி ஆம்பியரைப் பற்றிச் சொன்னது சரி. கேபிளைப் பற்றிச் சொன்னதைச் செய்தால் பெட்டியில் ஏதாவது ஒன்று புகையும்.

காரணம் இது. இப்படிப்பட்ட சிறு ஆம்ப்புகளில் உண்மையான நடுப்புள்ளி கிடையாது. பேட்டரியின் மொத்த மின்னழுத்தத்தை இரண்டாகப் பிரித்து, நடுவில் ஒரு செயற்கைக் கிரவுண்டை, அதாவது பூச்சியம் என்று வைத்துக்கொள்ளும் பொது இணைப்பை, உண்டாக்குகிறார்கள். 18 வோல்ட் என்றால் மேலே 9, கீழே 9. உங்கள் ஒலிக் கேபிளின் கிரவுண்டு அந்த நடுப்புள்ளியில் சேர்கிறது. மடிக்கணினியின் ஒலித்துளையில் இருக்கும் கிரவுண்டும், அதன் யூஎஸ்பியின் எதிர்முனையும் ஒன்றுதான். உயர்த்தும் கேபிள் இரண்டையும் பிரிப்பதில்லை. ஆகவே ஆம்ப்பின் எதிர்முனை யூஎஸ்பி வழியாகவும், நடுப்புள்ளி ஒலிக் கேபிள் வழியாகவும் ஒரே இடத்தில் போய்ச் சேரும். கீழ்ப்பாதி மின்னழுத்தம் முழுக்கக் குறுக்குச்சுற்று. எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எல்லாரும் கேட்கிறார்கள். கிரவுண்டு எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலத்திலிருந்தே இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் இரைச்சலுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. ரவுட்டர் அடாப்டர் சுவிட்ச்சிங் வகை, அதாவது மின்சாரத்தை மிக வேகமாக விட்டுவிட்டு அனுப்பி மாற்றும் இலேசான வகை. மின்காந்தத் தொந்தரவை அடக்குவதற்காக, அதன் உள்பக்கத்தில் மின்சாரப் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் இடையே ஒரு சிறு மின்தேக்கி வைத்திருப்பார்கள். அதன் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் கசியும். ஆபத்தில்லை, புறங்கையில் உணர்ந்த சுரசுரப்பு அதுதான். மடிக்கணினி பேட்டரியில் ஓடும்போது அந்தக் கசிவுக்குப் போக வழியில்லை. மூன்று முனைச் சார்ஜரைச் செருகியதும் மடிக்கணினி நில இணைப்பு பெறுகிறது. கசிவு உங்கள் ஒலிக் கேபிளின் கிரவுண்டுக் கம்பி வழியாகவே நிலத்துக்கு ஓடுகிறது. அந்தக் கம்பியில் ஓடுவதைத்தான் ஆம்ப் பெருக்கிக் காட்டுகிறது.

ஆகவே உங்களுக்கு வேண்டியது டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய வகை அடாப்டர். அதில் இரண்டு சுருள்களுக்கும் இடையே கசிவு மிகக் குறைவு.

வோல்ட் கணக்குக்கு வருவோம். 12 வோல்ட் என்றால் இருபக்கமும் 6. அந்தச் சில்லு ஓரங்களில் ஏறக்குறைய ஒன்றரை வோல்ட்டை விட்டுவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சத்தில் நாலரை வோல்ட் மிஞ்சும். 18 கொடுத்தால் ஏழரை. 300 ஓம் ஹெட்போனுக்கு மின்னோட்டம் பெரிதாக வேண்டாம், வோல்ட்தான் வேண்டும். ஏழரை வோல்ட் உச்சத்திலும் ஒரு காதுக்கு 25 மில்லி ஆம்பியர்தான். ஆகவே 15 முதல் 18 வோல்ட், 300 மில்லி ஆம்பியர் தாராளம். சில்லு மொத்தம் 36 வோல்ட் வரை தாங்கும் என்றாலும் 24க்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒலி உயராது, சூடுதான் உயரும்.

பேட்டரி தீர்வது எனக்குக் கவலை தருகிறது. இரண்டு பேட்டரிகளையும் கழற்றிவிட்டு, ரவுட்டர் அடாப்டரைச் செருகி, முதல் பேட்டரிக் கிளிப்பின் நேர்முனைக்கும் கடைசிக் கிளிப்பின் எதிர்முனைக்கும் இடையே மல்டிமீட்டரால் அளந்து எழுதுங்கள். அதுவரை பேட்டரியும் அடாப்டரும் ஒரே நேரத்தில் வேண்டாம்.

நள்ளிரவு_நாகசுரம்

நன்றி ஐயா. மாடி வீட்டு அண்ணனிடம் மல்டிமீட்டர் இரவல் வாங்கி அளந்தேன். 12.1 காட்டுகிறது. டிசி துளையிலிருந்து இரண்டே கம்பிகள் போகின்றன. மூன்றாவது காலில் எதுவும் பற்றவைக்கப்படவில்லை.

பழைய_ரேடியோ (செம்பவாங்)

நினைத்தேன். அந்த மூன்றாவது கால் அடாப்டர் செருகும்போது பேட்டரியைத் துண்டிப்பதற்காக இருப்பது. உங்கள் அத்தை மகன் அதை விட்டுவிட்டார். புதிய பேட்டரிகள் இரண்டும் சேர்ந்து 18 வோல்ட்டுக்கு மேல், அடாப்டர் 12. உயரத்தில் இருப்பதுதான் ஊட்டும். பேட்டரிதான் இத்தனை நாளும் ஆம்ப்பை ஓட்டியிருக்கிறது. அடாப்டர் சும்மா உட்கார்ந்து இரைச்சலை மட்டும் தந்திருக்கிறது. போதாக்குறைக்கு 12 வோல்ட்டுக்கென்று செய்த அடாப்டரின் வெளியீட்டில் 18 போய் நின்றிருக்கிறது. உள்ளிருக்கும் மின்தேக்கி 16 வோல்ட் வகையாக இருந்தால் அதற்கு அது நல்லதல்ல.

இப்போது 18 வோல்ட் அடாப்டரை அப்படியே செருகினால் கதை தலைகீழாகும். பேட்டரி சற்றுத் தளர்ந்ததும் அடாப்டர் அதற்குள் மின்னோட்டத்தைத் தள்ளும். சாதாரண அல்கலைன் பேட்டரியை மின்னேற்றக் கூடாது. கசிந்து பலகையை அரித்துவிடும்.

ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் டையோடு இரண்டு போட்டால் போதும் என்று யாராவது சொல்வார்கள். 15 வோல்ட் அடாப்டரும் 18 வோல்ட் பேட்டரியும் இருந்தால், டையோடு போட்ட பிறகும் பேட்டரிதான் முதலில் தீரும். மூன்றாவது காலைப் பயன்படுத்துவதே சரியான வழி: பேட்டரியின் எதிர்முனைக் கம்பியை அதில் பற்றவைக்க வேண்டும். சால்டரிங் தெரிந்தவருக்குச் சிறு வேலை. கூடவே, துளையின் உடல் பிளாஸ்டிக்கா உலோகமா என்று பார்க்கச் சொல்லுங்கள். தகரப்பெட்டி நடுப்புள்ளியோடு இணைந்திருந்து, துளை உலோகமாகவும் இருந்தால், யூஎஸ்பிக்குச் சொன்ன அதே குறுக்குச்சுற்று பெட்டிக்குள்ளேயே நடக்கும். வேலை செய்கிறது என்கிறீர்கள், ஆகவே பிளாஸ்டிக்காகத்தான் இருக்கும். இருந்தாலும் பார்க்கட்டும்.

பிடாடாரி_மின்னியல்

பவர் பேங்க் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் சொல்கிறேன்.

யூஎஸ்பி-சி பிடி (பவர் டெலிவரி) வகைப் பவர் பேங்கிடம் 'எனக்கு 15 வோல்ட் கொடு' என்று கேட்கும் சிறு டிரிகர் பலகைகள் கிடைக்கின்றன. பிடி முறையில் வழக்கமான படிகள் 5, 9, 15, 20. 12 எல்லாவற்றிலும் இருக்காது. 15 வேண்டுமானால் 30 வாட் அளவிலான பவர் பேங்காகப் பாருங்கள். 18, 20 வாட் ஆட்கள் பெரும்பாலும் 9, 12 என்று நின்றுவிடுவார்கள்.

இரண்டு தொல்லைகள் உண்டு. உங்கள் ஆம்ப் எடுப்பது சில பத்து மில்லி ஆம்பியர். பல பவர் பேங்குகள் 'யாரும் செருகவில்லை' என்று முடிவு செய்து, பாட்டு நடுவிலேயே அணைந்துவிடும். சிலவற்றில் பொத்தானை இருமுறை அழுத்தினால் சிறு மின்னோட்ட நிலை வரும். வாங்குமுன் அது உண்டா என்று கேளுங்கள். இரண்டாவது, ஐயா சொன்னதன் தொடர்ச்சி: அதே பவர் பேங்கில் கைப்பேசியையும் மின்னேற்றிக்கொண்டு, அதே கைப்பேசியிலிருந்து பாட்டும் கேட்காதீர்கள். எதிர்முனைகள் இரண்டும் பவர் பேங்குக்குள் ஒன்றாகத்தான் இருக்கும்.

உண்மையைச் சொன்னால், ஈசூனிலிருந்து நகருக்குப் போகும் நேரத்துக்கு இதெல்லாம் வேண்டாம். ரீசார்ஜ் செய்யும் 9 வோல்ட் நிக்கல் பேட்டரிகள் நான்கு வாங்கி, இரண்டு ஓட, இரண்டு ஏறட்டும். ஒன்று உண்மையில் 8.4 வோல்ட்தான், கொள்ளளவும் 200 மில்லி ஆம்பியர் மணி அளவில்தான் இருக்கும். ஆனால் பேட்டரியை விட அமைதியான மின்சாரம் எந்தக் கடையிலும் கிடைக்காது. விமானத்திலும் இதுவே வசதி. 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானங்களில் பவர் பேங்கைக் கொண்டு எந்தக் கருவியையும் மின்னேற்றக் கூடாது.

தோபாயோ_தம்பி

கிட்டார் பெடலுக்கான அடாப்டர்கள் அமைதியானவை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதை வாங்கலாமா, ஐயா?

பழைய_ரேடியோ (செம்பவாங்)

வேண்டாம், தம்பி. பெடல் அடாப்டர்களின் செருகியில் பெரும்பாலும் நடுமுனை எதிர், அதாவது நடுவில் எதிர்முனை, வெளியே நேர்முனை. இந்த அம்மாவின் பெட்டி ரவுட்டர் அடாப்டரில் ஓடுகிறது. அவை பொதுவாக நடுமுனை நேர். பேட்டரியைக் கழற்றிய பிறகும் ஓடுகிறதா என்று பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம். மாற்றிச் செருகினால் சில்லு போயிற்று.

வாங்கும் இடத்தைப் பற்றி: சிம் லிம் ஸ்குவேர் அல்ல, ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவர். முன்பு என்றால் சுங்கை ரோட்டில் பழைய அடாப்டர்கள் குவியலாகக் கிடைக்கும், பத்தைத் தூக்கிப் பார்த்து ஒன்றை எடுப்பேன். 2017இல் அந்தச் சந்தையை மூடிவிட்டார்கள்.

கையில் எடுத்துப் பாருங்கள். கனமாக இருந்தால் டிரான்ஸ்பார்மர். உள்ளீடு 100-240 என்று அச்சிட்டிருந்தால் சுவிட்ச்சிங். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர். வெளியீட்டுப் பக்கம் நெளிகோடு இருந்தால் அது ஏசி, உங்களுக்கு ஆகாது. நேர்கோடும் அதன்கீழ் விட்டுவிட்டு ஒரு கோடும் இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் டிரான்ஸ்பார்மரை யாராவது நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நம் 230இல் அது எரிந்துபோகும். பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இங்கே விற்கும் அடாப்டர்கள் அந்த முத்திரைக்கான திட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும்.

நள்ளிரவு_நாகசுரம்

கடைக்காரர் தேடி எடுத்துக் கொடுத்தார்: கனமானது, 18 வோல்ட் டிசி, 500 மில்லி ஆம்பியர், நடுமுனை நேர், முத்திரையும் இருக்கிறது. மூன்றாவது காலை மாடி வீட்டு அண்ணன் பற்றவைத்துக் கொடுத்துவிட்டார், துளை பிளாஸ்டிக்தான். அடாப்டரைத் தனியாகச் செருகி அளந்தால் 24.6 காட்டுகிறது! பழுதா? ஆம்ப்பில் செருகலாமா?

பழைய_ரேடியோ (செம்பவாங்)

பழுதல்ல. சீராக்கும் சுற்று இல்லாத டிரான்ஸ்பார்மர் அடாப்டர்கள் அப்படித்தான். முழுச் சுமையில்தான் 18க்கு இறங்கும். உங்கள் ஆம்ப் போடும் சுமை அதற்கு ஒன்றுமே இல்லை. 24 வேண்டாம் என்றேன், சூடு சற்றுக் கூடும் என்பதால்தான்; ஆனாலும் சில்லு தாங்கும். பலகையில் இருக்கும் உருளை மின்தேக்கிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு வரிசையாக இருந்து 25 வோல்ட் என்றால் ஒவ்வொன்றுக்கும் பாதிதான் வரும், கவலை இல்லை. முழு மின்னழுத்தத்துக்கும் குறுக்கே ஒன்று மட்டும் இருந்து, அதில் 35க்குக் குறைவாக எழுதியிருந்தால் செருகாதீர்கள்.

நான் என்றால் நடுவில் ஒரு எல்எம்317 (மின்னழுத்தத்தைச் சீராக்கும் சில்லு) வைப்பேன். 240 ஓம், 2.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டும் போட்டால் 15 வோல்ட்டைச் சற்றே தாண்டும். ஐம்பது மில்லி ஆம்பியரில் அரை வாட்டுக்கும் குறைவான சூடுதான், சிறு அலுமினியத் தகடு போதும். மின்தேக்கி சரி என்றால், அதைச் செய்வதற்கு முன் ஒருமுறை நேராகச் செருகிக் கேளுங்கள். பாட்டு இல்லாமல், குமிழை முழுக்கத் திருப்பி. உம்மென்ற ஒலி காதில் விழவில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம், கேட்காத இரைச்சலுக்கு எதற்கு 317?

நள்ளிரவு_நாகசுரம்

220 மைக்ரோபாரட், 25 வோல்ட், இரண்டு, வரிசையாக. மடிக்கணினியின் சார்ஜரையும் செருகிவிட்டுக் கேட்டேன். சுரசுரப்பு இல்லை, 'ர்ர்ர்' இல்லை. குமிழ் முழுக்கத் திரும்பியபோது மட்டும் மிக மெல்லிய 'உம்'. நான் கேட்கும் அளவில் ஒன்றும் தெரியவில்லை. 317ஐ அண்ணனுக்கு ஓய்வு கிடைக்கும்போது பார்த்துக்கொள்கிறேன். ரீசார்ஜ் பேட்டரி நான்கு சொல்லியிருக்கிறேன்.